இடதுபக்கக் கதவு

மறுபடியும் மணி. பன்னிரண்டாவது வரிசைக்கு மேலே விளக்கு எரிகிறது. நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம், அவன்தான், இடதுபக்க ஜன்னலோரத்துத் தனபாலன், திருப்பூர்க்காரன். சென்னையில் விமானம் தரையை விட்டு எழும்புகிற நேரத்தில் கீழே பட்டென்று ஏதோ வெடித்ததே, அப்போதிருந்து அந்தப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறான். அழுத்தட்டும். விரல் வலிக்கும்வரை அழுத்தட்டும். நான் இந்தத் திரைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன். காபி வாசனை, சூடேறிய பிளாஸ்டிக் வாசனை, என் அக்குளிலிருந்து வருகிற வாசனை. காலையில் இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. கேப்டன் குருவில்லா இன்டர்காமில் சொன்னது காதுக்குள்ளேயே சுற்றுகிறது, அந்த மலையாள இழுவையோடு, காய்கறி விலை சொல்வதைப் போல. “சுகிர்தா, லெஃப்ட் டயர் போயி. அது மட்டும்னா பரவால்ல. வீல் இறங்கி லாக் ஆனதா லைட் வரலை. திரும்பத் திரும்ப இறக்கிப் பார்த்தாச்சு. கோயம்புத்தூர் போகலை. கடலுக்கு மேல சுத்தி எண்ணெயை எரிச்சுட்டு சென்னையிலயே இறங்கறோம். இடது சக்கரம் மடங்கும்னு வச்சுக்கிட்டே கேபினை ரெடி பண்ணு.” மடங்கும்னு வச்சுக்கிட்டே. விருந்துக்கு நாலு பேர் கூட வருவார்கள் என்று வைத்துக்கொண்டே சமைக்கச் சொல்வது மாதிரி. சரி கேப்டன் என்றேன். வேறென்ன சொல்ல. பதினாறு வருஷமாகப் பயிற்சியில் இதைக் கத்திக் கத்திப் பழகியிருக்கிறேன், பொம்மை விமானத்தில், பொம்மைப் புகையில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்.

வெடித்தபோதே எனக்குத் தெரியும் அது டயர் என்று. மற்றவர்கள் எஞ்சின் என்றார்கள், பறவை என்றார்கள், பின்வரிசையில் ஒருத்தர் பாம் என்று அலறினார். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். அப்பா நாகர்கோவில் டிப்போவில் பஸ் ஓட்டினார். பள்ளி விடுமுறையில் ஒருநாள் திருநெல்வேலி போகிற அவர் வண்டியிலேயே முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். ஆரல்வாய்மொழி தாண்டினதும், காற்றாடிகள் இரண்டு பக்கமும் சுற்றுகிற இடத்தில், முன்டயர் இப்படித்தான் வெடித்தது. வண்டி இழுத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துப் போனது. அப்பா ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டார். ஒருத்தருக்கும் கீறல் இல்லை. இறங்கினவர்கள் என்ன செய்தார்கள்? கும்பிட்டார்களா? கல்யாணத்துக்குப் போக நேரமாச்சு என்று ஒருத்தன் அவர் சட்டையைப் பிடித்தான். குடிச்சிட்டு ஓட்டுறியா என்றாள் ஒரு அம்மா. அப்பா எதற்கும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, நான் செருப்பை வாசலில் கோணலாகக் கழற்றிப் போட்டேன் என்பதற்காக என்னைப் பெல்ட்டால் அடித்தார். அந்தச் சட்டையைப் பிடித்தவன் முகம் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மீசைக்கு மேலே ஒரு மரு. அவனைத்தான் பதினாறு வருஷமாக ஒவ்வொரு விமானத்திலும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. இன்றைக்கு அவன் பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்து மணி அடிக்கிறான்.

“நீங்க போவீங்களா, நான் போகணுமா?” என்கிறாள் நிலோஃபர். என் பக்கம் திரும்பாமல், தண்ணீர்ப் புட்டிகளைப் பெட்டிக்குள் தள்ளிப் பூட்டிக்கொண்டே கேட்கிறாள். வாணியம்பாடிப் பெண், வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. பயணிகள் ஏறும்போது நடந்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கும்தான் ஆறவில்லை, ஆனால் எனக்கு ஆறாததும் அவளுக்கு ஆறாததும் ஒன்றல்ல. தனபாலன் கொண்டுவந்த பெரிய பை மேலே பெட்டிக்குள் நுழையவில்லை. பின்னால் வைக்கலாம் சார் என்று அவள் அதைத் தொட்டாள். பட்டென்று அவள் மணிக்கட்டில் அடித்தான். கொசுவை அடிப்பதுபோல. “கையெடு. தட்டுத் தூக்கற கழுதைக்கு இத்தன திமிரா?” முன்னும் பின்னும் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், எல்லோரும் போனைப் பார்த்தார்கள். நான் ஓடினேன். ஓடிப்போய் என்ன செய்தேன்? சிரித்தேன். “சாரி சார், அவங்க புதுசு, நான் வச்சுத் தர்றேன்” என்றேன். அந்தப் பையை நானே தூக்கி, நானே திணித்து, நானே மூடினேன். நிலோஃபர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்தாள், அவனை அல்ல, என்னை. அதற்கப்புறம் அக்கா என்று கூப்பிடவில்லை. “நான் போறேன்” என்கிறேன். “நீ முன்னாடி கர்ப்பிணி ஒருத்தங்க இருக்காங்களே, அவங்களுக்கு எப்படிக் குனியணும்னு சொல்லிக்குடு.” சரி மேம், என்கிறாள். மேம்.

திரையை விலக்கினதும் அத்தனை முகமும் என் மேல். இந்த முகங்களை எனக்குப் பிடிக்கவில்லை. என்றைக்குமே பிடித்ததில்லையோ? ஏதோ நான்தான் கீழே போய் அந்தச் சக்கரத்தைக் கடித்து வைத்ததுபோலப் பார்க்கிறார்கள். “ஏன் அங்கயே உடனே இறக்கல?” “என்ன மறைக்கறீங்க?” “எங்க வீட்டுக்காரருக்கு சுகர், சாப்பாடு குடுப்பீங்களா மாட்டீங்களா?” ஒரு பையன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டிப் படம் எடுக்கிறான். எடுத்துக்கோ தம்பி, கொஞ்சம் இடதுபக்கமாக எடு, வலதுபக்கம் எனக்குப் பரு இருக்கிறது. ஜன்னல்களில் கடல் வருகிறது, போகிறது, வானம் வருகிறது, மறுபடியும் அதே கடல், தகரம் மாதிரி வெயிலில் மின்னிக்கொண்டு. என் மகள் ஆஷ்லின் இப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பாள். பல்லாவரத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் ஒவ்வொரு விமானத்தின் வயிறும் தெரியும், சக்கரம் நீட்டிக்கொண்டு, பிரசவத்துக்குப் போகிற ஆட்டைப்போல. இது அம்மாவோடதா, இது அம்மாவோடதா என்பாள் சின்னவளாக இருந்தபோது. இப்போது நிமிர்ந்தே பார்ப்பதில்லை. பார்க்க வேண்டாம். இன்றைக்கு மட்டும் யாரும் பார்க்க வேண்டாம். குதிகால் செருப்பைக் கழற்றுங்க அம்மா. பேனாவைப் பையிலேர்ந்து எடுத்துடுங்க சார். கண்ணாடியைக் கழற்றிக் காலுறைக்குள்ள வச்சுக்கோங்க. என் குரல் எனக்கே அந்நியமாக இருக்கிறது, ரேஷன் கடை ஒலிபெருக்கி மாதிரி. இறங்கும்போது குனியச் சொல்லி இதே குரலில் எப்படிக் கத்தப் போகிறேன்? தொண்டைக்குள் ஒரு சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பையைத் தூக்கும்போது சிரித்த சிரிப்பு, அது இறங்கவே மாட்டேன் என்கிறது.

பன்னிரண்டாவது வரிசை இறக்கைக்கு நேராக இருக்கிறது. இரண்டு பக்கமும் அவசரக் கதவு. எங்களில் யாரும் அங்கே உட்காருவதில்லை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் பயணிகளே திறந்துகொள்ள வேண்டும். இடது சக்கரம் மடங்கினால் இடது எஞ்சின் தரையில் தேயும். தேய்ந்தால் தீப்பொறி, தீப்பொறி வந்தால் மிச்சம் இருக்கிற எண்ணெய். அப்போது அந்த இடதுபக்கக் கதவை எவனாவது திறந்தான் என்றால் தீயை உள்ளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்ததுபோல. அங்கே உட்கார வேண்டியவன் கதவைத் திறக்கத் தெரிந்தவன் இல்லை, திறக்காமல் இருக்கத் தெரிந்தவன். ஆனால் உட்கார்ந்திருப்பது யார்? பொறுமை என்றால் என்னவென்று கேட்பவன். பக்கத்தில் நடுஇருக்கையில் கண்ணாடி போட்ட ஒருத்தர், மடிக்கணினி வைத்திருக்கிறார், ஆரம்பத்திலிருந்து நான் எதைச் சொன்னாலும் “ஷ்யூர் மேம்” என்று தலையாட்டுகிறார், அவ்வளவு பதவிசு. இவரை ஜன்னலுக்கு மாற்று, அவனைத் தூக்கிப் பின்னால் போடு. எனக்கு அதிகாரம் இருக்கிறது. ஒரு வார்த்தை போதும். எல்லோர் முன்னாலும் அவனை எழுப்பி, எழுந்திருங்க சார், இந்த இடத்துக்கு நீங்க லாயக்கில்லை என்று சொல்லி, அந்தச் சிவந்த காதுகளைப் பார்த்துக்கொண்டே... இதோ, இங்கேதான் இடிக்கிறது. நான் அவனை எழுப்ப நினைப்பது கதவுக்காகவா, நிலோஃபரின் மணிக்கட்டுக்காகவா? இரண்டும் ஒரே நாக்கில் ஒரே ருசியாக இருக்கிறது. பிரிக்க முடியவில்லை. பிரித்தே ஆக வேண்டும், சீக்கிரம். தப்பாகப் பிரித்தால் நூற்று எழுபது பேர்.

“மணி அடிச்சு எத்தன நேரமாச்சு? செத்த பொறவு வரலாம்னு இருந்தியா?” என்கிறான். அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. கைகள் முழங்காலைக் கெட்டியாகப் பிடித்திருக்கின்றன. பயம். பயந்தவன்தான் முதலில் கதவைத் திறப்பான். “சார், உங்க பக்கத்துல இருக்கற கதவைப் பத்திப் பேச வந்தேன்.” “பேசு.” “இறங்கினதும் வெளிய ஜன்னல் வழியாப் பார்க்கணும். தீயோ புகையோ தெரிஞ்சா இந்தக் கதவைத் திறக்கவே கூடாது. அந்தப் பக்கக் கதவுக்குப் போகச் சொல்லணும். யார் வந்து கத்தினாலும், தள்ளினாலும் திறக்கக் கூடாது. உங்களால முடியலைன்னா சொல்லுங்க, வேற ஒருத்தரை உட்கார வைக்கறேன்.” கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே கொஞ்சம் உரக்கச் சொன்னேன். முன்வரிசைத் தலைகள் திரும்பின. கண்ணாடிக்காரர், “ஐ ஆம் ரெடி மேம், நான் வேணா மாறிக்கறேன்” என்றார். தனபாலன் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னையே பார்த்தான்.

“எனக்குப் பாடம் எடுக்கறயா நீ?” என்றான். குரல் இறங்கியிருந்தது. “என்ற பனியன் குடோன்ல தீப்புடிச்சப்போ உள்ள ஆளு இருக்குதுன்னு ஒருத்தன் ஓடிப்போய்க் கதவைத் தொறந்தான். என்ற மச்சினன்தான். நானு தொறக்காதடா தொறக்காதடான்னு கத்தறேன். தொறந்தான். காத்து உள்ள போச்சு, தீ வெளிய வந்துச்சு. அவன வாழையெலையில சுத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்க போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. கதவு தொறக்கறதப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. போ. போயி உன்ற வேலையப் பாரு.” அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த இடத்தில் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. மச்சினனை இலையில் சுற்றியவன்தான் ஒரு சின்னப் பெண்ணைக் கழுதை என்றான், இரண்டும் ஒரே கை. எரிச்சல்தான் வந்தது, இவனை வெறுப்பதற்கு இருந்த நேரான வழியை இவனே அடைத்துவிட்டானே என்று. “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான். கடைசியில், “போதுமா டீச்சர்?” என்றான். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். “நீங்க அங்கயே இருங்க சார்” என்றேன். யாரைச் சொன்னேன் என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

நிலோஃபருக்கும் புரிந்தது. முன்னால் எங்கள் மடக்கு இருக்கையில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பட்டையைப் பூட்டும்போது கேட்கிறாள், “அவனை அங்கயே விட்டுட்டீங்களா?” “ஆமா.” “ஏன்?” “திறக்க மாட்டான்.” “உங்களுக்கு எப்படித் தெரியும்?” எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கதை சொன்னான், நம்பிவிட்டேன், பொய்யாகக்கூட இருக்கலாம். “இப்பவும் அவனுக்குத்தான் நல்லது பண்றீங்க” என்கிறாள். விமானம் இறங்க ஆரம்பித்துவிட்டது. எங்களுக்கு எதிரே நடைபாதை நீளமாக, இரண்டு பக்கமும் குனிந்த தலைகள், வழுக்கை, பூ, குல்லா, சாயம் போன கூந்தல், யாரோ ஜெபிக்கிறார்கள், யாரோ வாந்தி எடுக்கிறார்கள், அந்தப் போன்காரப் பையன் இப்போது அம்மா அம்மா என்கிறான். எனக்கு ஜெபம் வரவில்லை. கர்த்தர் என் மேய்ப்பர் என்று ஆரம்பித்தால் அடுத்த வரியில் அந்த மரு வைத்த மீசைக்காரன் வருகிறான். அப்பா அந்தப் பள்ளத்தைப் பார்த்து வண்டி போனபோது என்ன நினைத்திருப்பார்? என்னை நினைத்தாரா, முன்சீட்டில் இருந்த என்னை? நான் இப்போது ஆஷ்லினை நினைக்கிறேனா? நினைக்கப் பார்க்கிறேன், முகம் வர மாட்டேன் என்கிறது. அவளுடைய கால்சட்டையில் ஒரு பட்டன் தைக்க வேண்டும், அதுதான் வருகிறது, நாலு ஓட்டை நீலப் பட்டன். கத்த வேண்டுமே, குரல் வருமா, அந்தச் சிரிப்பு இன்னும் அங்கேயே இருக்கிறதே. “பிரேஸ், பிரேஸ்” என்று குருவில்லாவின் குரல். வாயைத் திறந்தேன். “குனிங்க! குனிஞ்சே இருங்க! தலையைத் தூக்காதீங்க!” வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது? அது என் குரலே இல்லை, அடிக்கிற குரல், பெல்ட்டைப் போல வீசுகிற குரல். இத்தனை வருஷம் சார் சார் என்று விழுங்கினதெல்லாம் சேர்ந்து வெளியே வருகிறது. பக்கத்தில் நிலோஃபரும் அதே குரலில் கத்துகிறாள். இரண்டு பேரும் அத்தனை பேரையும் திட்டுவதுபோலக் கத்துகிறோம். எவ்வளவு நன்றாக இருக்கிறது.

முதலில் வலது சக்கரம் மட்டும் தொட்டது. மெத்தென்று. குருவில்லா இடதுபக்கத்தை அந்தரத்தில் பிடித்துக்கொண்டே ஓட்டினார், முடிந்தவரை, முடிந்தவரை, அப்புறம் இடதுபக்கமும் தொட்டது, அந்தச் சக்கரம் ஒரு கணம் தாங்கி நின்றது, நின்றுவிட்டது என்று நினைத்தேன், மடங்கியது. தட்டு வண்டிகள் பூட்டுக்குள் குதித்தன. ரம்பம் அறுக்கிற சத்தம், தலைக்குள், பல்லுக்குள். உலகமே இடதுதோளில் சாய்ந்து, இழுத்துக்கொண்டு, சுற்றி, நின்றது. அமைதி. அப்புறம் வெளியேறச் சொல்லும் மணி. என் ஜன்னலில் பார்த்தேன். இடது எஞ்சினிலிருந்து கறுப்பாகப் புகை, அதற்குள் ஆரஞ்சு. “இந்தப் பக்கம் வேண்டாம்! நிலோ, உன் கதவு!” அவள் அதற்குள் வலதுகதவைத் தள்ளிவிட்டாள், சறுக்கு உப்பிக்கொண்டு விழுந்தது. “வாங்க! பையை விடுங்க! குதிங்க!” ஆட்கள் வருகிறார்கள், நான் ஒவ்வொரு முதுகையும் பிடித்துத் தள்ளுகிறேன், தள்ளும்போதே தலைகளுக்கு மேலே பன்னிரண்டாவது வரிசையைப் பார்க்கிறேன். வலதுபக்கக் கதவு திறந்து வெயில் விழுகிறது. இடதுபக்கம் இன்னும் இருட்டு. அங்கே தனபாலன் எழுந்து கதவுக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து நிற்கிறான். அவன்மேல் ஒருத்தர் ஏறுகிறார், கண்ணாடி இல்லாமல் முகமே வேறாக இருக்கிறது, அந்தப் பதவிசான மனிதர், கைப்பிடியை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார், “ஓப்பன் பண்ணுடா நாயே” என்கிறார், மடிக்கணினியின் முனையால் அவன் வாயில் குத்துகிறார். மறுபடியும் குத்துகிறார். “வெளிய தீடா! கண்ணு அவிஞ்சுபோச்சா? அந்தப் பக்கம் போடா! எல்லாரும் அந்தப் பக்கம் போங்கடா!” ரத்தத்தோடு சேர்த்துக் கத்துகிறான். கைகளை இறக்கவே இல்லை. பின்னாலிருந்து வந்த கூட்டம் அந்த மனிதரை வலதுபக்கமாக அடித்துக்கொண்டு போனது.

எல்லோரும் போன பிறகுதான் அந்தக் கதவை விட்டு நகர்ந்தான். இறக்கைக்குப் போகாமல் முன்பக்கமாக வந்தான். வருகிற வழியில் நின்று, மேலே கையை உயர்த்தி, அந்தப் பெட்டியைத் திறந்து, அந்தப் பையை இழுத்தான். புகை தரையோடு ஊர்ந்து வருகிறது, இவன் பையை இழுக்கிறான். “பையை விடுடா!” என்றேன். என் வாழ்நாளில் ஒரு பயணியை டா போட்டதில்லை. அவன் அதிர்ந்துபோய்க் கையை எடுத்தான். வாசலில் நிலோஃபர் நின்றிருந்தாள். அவன் கொஞ்சம் தயங்கினான், கீழே பார்த்தான், உயரம். அவள் இரண்டு கையாலும் அவன் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். பயிற்சியில் சொல்லித்தருகிற தள்ளு இல்லை அது. தலைகுப்புறப் போனான்.

புல்வெளியில் இப்போது வெயில் சுடுகிறது. தீயணைப்பு வண்டிகள் வெள்ளையாக நுரையைக் கொட்டுகின்றன, எங்கள் விமானம் பாதி சோப்புத் தேய்த்த எருமை மாதிரிப் படுத்திருக்கிறது. பின்னால் இருந்த எங்கள் ஆட்கள் இருவரும் வந்துவிட்டார்கள், கேப்டனும் வந்துவிட்டார், ஒருத்தரும் உள்ளே இல்லை. இதை நான் யாரிடமோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிக்காரர் தூரத்தில் போனில் யாருக்கோ, “நோ நோ, ஐ ஆம் ஃபைன், ஐ ஹெல்ப்டு சம் பீப்பிள்” என்கிறார். தனபாலன் வெறுங்காலோடு என்னை நோக்கி வந்தான். மேலுதடு கிழிந்து தொங்குகிறது, சட்டை முழுக்க ரத்தம். நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் முந்திக்கொண்டான். “சம்பளம் வாங்கறீங்கல்ல? அந்தக் கதவுகிட்ட உங்க ஆளு ஒருத்தராவது வந்தீங்களா? ஒருத்தர்? நாயி மாதிரி நான் நின்னேன் அங்க. மேல எழுதிப்போட்டு உங்க எல்லாத்து வேலையவும் காலி பண்றனா இல்லையா பாரு.” அவன் சொன்னது நியாயம் என்பதுதான் தாங்க முடியவில்லை. யாரும் வரவில்லை. வரவும் முடியாது. “நீங்க இருந்தீங்கல்ல” என்றேன். “இருந்தேன்” என்றான். புல்லில் ரத்தத்தைத் துப்பினான். “வேற எங்க போறது.” பிறகு அங்கேயே, நின்ற இடத்திலேயே, குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். தோள்கள் ஒருமாதிரிக் குலுங்கின. நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஆம்புலன்ஸ் ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, யாருக்குக் காயம் அதிகம் என்று கேட்டான். “முதல்ல அவரைப் பாருங்க” என்று கையைக் காட்டினேன். பக்கத்தில் நிலோஃபர் நின்றிருந்தாள், முகமெல்லாம் கரி, காலில் ஒரு செருப்புகூட இல்லை. “அவரா?” என்றாள். கேட்டது அவ்வளவுதான். என் வாயிலிருந்து எப்போது அவன் அவரானான் என்று எனக்கே தெரியவில்லை. அவள் பார்த்த பார்வையில், ஏறும்போது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு பார்த்தாளே, அதைவிடக் கடுமை. “வாய் கிழிஞ்சிருக்கு நிலோ” என்றேன். “தெரியும்.” “அந்தக் கதவைத் திறக்க விட்டிருந்தா நாம யாரும் இல்லை.” “அதுவும் தெரியும்” என்றாள். “எனக்கு அவன் அவன்தான். அவன் நூறு பேரைக் காப்பாத்தட்டும். எனக்கு அவன்தான்.” அழவில்லை. குரல் தெளிவாக, அந்தக் கத்தின குரலின் மிச்சம் இன்னும் இருந்தது. எனக்கும் அப்படித்தான் என்று சொன்னால் பாதி பொய், இல்லை என்று சொன்னாலும் பாதி பொய். ஆம்புலன்ஸ்காரன் அவன் உதட்டில் பஞ்சை வைத்து அழுத்த, வலியில் அவன் அந்த ஆளையும் கெட்ட வார்த்தையில் திட்டுவது இங்கே கேட்டது. “கேட்டீங்களா?” என்றாள் நிலோஃபர். கேட்டேன். ஈரப் புல்லில் உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. வெயில் என் முகத்தில் படாதபடி நின்றுகொண்டிருந்தாள், தெரிந்து நின்றாளா தெரியாமல் நின்றாளா, கேட்கவில்லை.